தாம்பூலப் பைக்குள் ஒரு திருட்டு

அத்தியாயம் 17

திருட்டுப் போன பொருள் திரும்பக் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டும். அதுவே தேங்காய், வெற்றிலை, பாக்கோடு சேர்ந்து தாம்பூலப் பையில் போடுவதற்காகக் கைக்கு வந்தால்? திருடியவன் பெயர் அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தால்? அப்போது என்னதான் செய்வது!

திருக்கடையூர் மண்டபத்தில், சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில், மஞ்சள் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள் ஜீவிதா. மாமனார் பஞ்சநாதனுக்கு இன்று அறுபதாம் கல்யாணம். மூத்த மருமகள் என்ற முறையில் பை போடுகிற வேலை அவள் தலையில். தேங்காய் போட்டாயிற்று, வெற்றிலை பாக்கு போட்டாயிற்று. "இன்னொரு அயிட்டம் இருக்கு அண்ணி, சர்ப்ரைஸ்" என்று கொழுந்தன் யுவன் வைத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியை அப்போதுதான் பிரித்தாள்.

உள்ளே நீல அட்டை போட்ட புத்தகங்கள். 'இங் போடவா? டு போடவா? ஆங்கில வினைச்சொற்களை வெல்லும் வழி' என்று தலைப்பு. கீழே, ஆசிரியர்: ப. யுவன், பி.இ. கோட்டு சூட்டோடு கைகட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தான் யுவன்.

ஜீவிதா முதல் பக்கத்தைப் புரட்டினாள். முதல் வாக்கியம் அவள் எழுதியது. இரண்டாவதும் அவள் எழுதியது. பத்துப் பக்கம் தள்ளிப் பிரித்தாள். அதுவும் அவளுடையதுதான். ஒரு தடவை அவள் தப்பாகப் போட்ட வரிசை எண்ணைக்கூட அப்படியே அச்சடித்திருந்தார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் காணாமல் போன நோட்டு இது. அந்த நோட்டுக்காக அவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியதும், கிடைக்காத ஆத்திரத்தில் தன்னிடம் படிக்க வந்த பாத்திமாவைச் சந்தேகப்பட்டதும், அந்தப் பெண் அழுதுகொண்டே படியிறங்கிப் போனதும் உங்களுக்கு மறந்திருக்காது. அன்றைக்கு டார்ச் அடித்துப் பரண் மேலெல்லாம் ஏறித் தேடிக்கொடுத்த உத்தமன் யார் தெரியுமா? இந்தக் கோட்டு சூட்டுதான்.

அது சாதாரண நோட்டு இல்லை. ஒன்பது வருஷத்து உழைப்பு. மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில், வீட்டுப் பின்கட்டில், நெல் மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜீவிதா டியூஷன் எடுக்கிறாள். வருகிறவர்கள் பெரும்பாலும் நர்ஸ் பெண்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும். அதில் அவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வினைச்சொல் வந்தால், சிலதுக்கு 'இங்' போட வேண்டும், சிலதுக்கு 'டு' போட வேண்டும். என்ஜாய் என்றால் பின்னால் இங். ரெஃப்யூஸ் என்றால் பின்னால் டு. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. "புகுந்த வீட்டுச் சட்டம் மாதிரி. காரணம் கேக்காதீங்க, பழகிக்குங்க" என்பாள் ஜீவிதா. பெண்கள் சிரிப்பார்கள். சிரித்தது மறக்காது.

ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஒரு வாக்கியம் எழுதிவைத்தாள். ராமன் பள்ளிக்குச் சென்றான், சீதை பாட்டுப் பாடினாள் என்று எழுதினால் யார் மனதில் நிற்கும்? அதனால் நடந்ததையே எழுதினாள். வீட்டில் என்றைக்கு என்ன வயிற்றெரிச்சலோ, அன்றைக்கு அது ஒரு வினைச்சொல்லுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டில் இங்கிலீஷை யாரும் நின்று படிக்கிற வழக்கம் இல்லை. வாய் திறந்து தமிழில் சொன்னால் அன்று அடுப்பு எரியாது. நோட்டில் எழுதினால் யாருக்கும் தெரியாது, மனசும் கொஞ்சம் ஆறும்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்தாள். வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்று அவள் கணவன் திருமுருகன் போனில் கத்திக்கொண்டிருந்தான். ஊரில் குறுவை அறுவடை. மிஷின் வயலில் நிற்கிறது, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது.

"போனை வைங்க."

"இரு, மிஷின்காரர் லைன்ல..."

"வைங்கன்னு சொன்னேன்."

அவள் குரலைக் கேட்டு வைத்துவிட்டான். புத்தகத்தை நீட்டினாள்.

"இது என்ன?"

"யுவன் போட்ட புக்கு."

"எழுதினது யாரு?"

திருமுருகன் வாழைமரத்தைப் பார்த்தான். "இப்ப எதுக்கு ஜீவிதா இதெல்லாம்? விசேஷம் முடியட்டும். ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஜெராக்ஸ் எடுக்கணும்னு கேட்டான். எடுத்துக்கடான்னேன். புக்கா போடுவான்னு நான் கண்டேனா?"

"நான் பரண்லேருந்து கிணத்தடி வரைக்கும் தேடினேனே, அப்ப சொல்ல வாய் வரலையா?"

"திருப்பி வச்சிடுவான்னு நெனச்சேன்."

"பாத்திமாவை நான் திருடின்னு சொன்னப்போ பக்கத்துலதானே நின்னீங்க?"

போன் மறுபடி அடித்தது. பெரிய நிம்மதியோடு எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

ஜீவிதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு ஏழைப் பெண்ணைத் திருடி என்று சொன்ன நாக்கு தன்னுடையது. சொல்லவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள் இந்த அண்ணனும் தம்பியும். யார் மேல் முதலில் பாய்வது என்றே தெரியவில்லை அவளுக்கு.

யுவன் மேடைப் பக்கம் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணியைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா அண்ணி? பிரிண்டிங் எப்படி? பேப்பர் நல்ல பேப்பர்."

"என் நோட்டு எங்க?"

"பத்திரமா இருக்கு. பிரஸ்லேருந்து வாங்கிக் குடுத்துடறேன்."

"என் பேரு எங்க?"

"கடைசிப் பக்கம் பாருங்க. 'உதவிய குடும்பத்தாருக்கு நன்றி'ன்னு போட்டிருக்கேனே."

"குடும்பத்தாரா எழுதினாங்க?"

"கோச்சுக்காதீங்க அண்ணி. நெல்லு ரூம்ல டியூஷன் எடுக்கிறவங்க பேரைப் போட்டா கடையில எவன் தொடுவான்? தஞ்சாவூர்ல நான் நடத்தற கோச்சிங் சென்டர் பேரு இருந்தாத்தான் எடுபடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னான். "உங்க பொண்ணுங்களையும் அடுத்த மாசத்துலேருந்து நம்ம சென்டருக்கே வரச் சொல்லிடுங்க. அப்பாகிட்ட பேசிட்டேன். பின்கட்டு ரூமை மறுபடி நெல்லுக்கே எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கும் ஒரு ரெஸ்ட்டா இருக்கும்."

நோட்டு மட்டும் போகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அறை போயிற்று, பெண்கள் போனார்கள், அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே ஒரு காரியமும் போயிற்று. அப்பனும் மகனும் பேசி முடித்தாயிற்று. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"எடுத்துக்காட்டு வாக்கியமெல்லாம் படிச்சியா தம்பி?" என்று கேட்டாள்.

"அதை நான் எதுக்கு அண்ணி படிக்கணும்? பசங்கதானே படிக்கணும்!"

ஜீவிதாவுக்குத் திக்கென்றது. இவன் படிக்கவில்லை. பிரஸ்காரன் படிக்கவில்லை. அட்டைப் படத்தை மட்டும் எத்தனை தடவை மாற்றினானோ, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தனும் பார்க்கவில்லை. அந்த வீட்டு அழுக்குத் துணி அத்தனையும் மடித்து அச்சாகி, சொந்தக்காரர்கள் எல்லோருடைய பையிலும் போகப்போகிறது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பாத்திமா படியிறங்கிப் போனது கண்ணில் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மேடையில் கலச அபிஷேகம் முடிந்து, பஞ்சநாதனும் மாமியார் சௌந்தரநாயகியும் ஈரம் மாற்றிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தார்கள். பஞ்சநாதன் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மிடுக்கோடு மீசையைத் தடவிக்கொண்டார். சௌந்தரநாயகி கூறைப்புடவையில், தலை நிமிராமல் இருந்தாள். மாங்கல்ய தாரணத்துக்கு இன்னும் அரை மணி இருக்கிறது என்றார் குருக்கள். அதற்குள் புத்தக வெளியீடு என்று ஏற்பாடு. சிறப்பு விருந்தினருக்கு மாயவரத்தில் ரயில் பிடிக்க வேண்டும்.

விருந்தினர் வெங்கடசுப்ரமணியன், யுவனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். நாற்பது வருஷம் இங்கிலீஷ் எடுத்தவர். வயது எழுபதைத் தாண்டினாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தால் குரல் கணீரென்று வரும். முதல் பிரதியை வாங்கியவர், போட்டோவுக்கு நின்ற கையோடு உட்கார்ந்திருக்கலாம். வாத்தியார் ஆயிற்றே! புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

"என் மாணவன் எப்படி எழுதியிருக்கான்னு ஒண்ணு ரெண்டு சாம்பிள் பாப்போம். அவாய்ட். இதுக்குப் பின்னால இங்தான் வரும். உதாரணம் குடுத்திருக்கான்." முதலில் இங்கிலீஷில் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். "என் மைத்துனன் வயலில் இறங்குவதைத் தவிர்க்கிறான். பேஷ்! மண்வாசனையோட இருக்கு."

கூட்டம் சிரித்தது. யுவனும் சிரித்தான். தஞ்சாவூரில் ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் உறைக்க என்ன இருக்கிறது?

"அடுத்தது ரெஃப்யூஸ். இதுக்கு டு. என் மாமனார் எனக்கு முன் அறையைத் தர மறுத்தார்."

சிரிப்பு பாதியில் நின்றது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கனகா, பஞ்சநாதனின் தங்கை, யாருக்கும் பயப்படாத வாய். "ஏண்டா யுவன், உனக்கு இன்னும் பொண்ணே பாக்கலையேடா! அதுக்குள்ள மாமனார் எங்கேருந்துடா வந்தாரு?"

"பொறுங்கோ, அடுத்ததைப் பாப்போம்" என்று ஹெட்மாஸ்டர் ஆர்வமாகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஃபர்கெட். என் கணவர் எனக்காகப் பேச மறந்துவிடுகிறார்."

மைக் அந்தக் 'கணவர்' என்ற சொல்லை மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு எல்லா முகமும் ஒரே பக்கம், தாம்பூல அறை வாசலில் நின்றிருந்த ஜீவிதாவின் பக்கம் திரும்பியது.

யுவனுக்கு வேர்த்துக் கொட்டியது. பாய்ந்து மைக்கைப் பிடித்தான். "அது... எல்லாம் கற்பனை சார். கிராமர் புரியறதுக்காகச் சும்மா எழுதினது."

"கற்பனையா? கற்பனைன்னா சரி" என்றார் பெரியவர். மண்டபமே மூச்சு விட்டது. எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது. யாருக்கும் மானம் போகவில்லை, சாப்பாடு ஆறவில்லை, முகூர்த்தம் தவறவில்லை.

திருமுருகன் ஜீவிதாவின் முழங்கையைப் பிடித்தான். "ஆமான்னு தலையை ஆட்டிடு. உன் கால்ல வேணாலும் விழறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

கற்பனை என்று ஒப்புக்கொண்டால் புத்தகம் யுவனுடையது. தன்னுடையது என்றால், மாமனாரையும் புருஷனையும் நாலு பேர் பார்க்கத் தெருவுக்கு இழுத்தவள் என்று பேர் வாங்க வேண்டும். அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அந்தச் சமையல்கட்டில்தான் நிற்க வேண்டும். ஒன்பது வருஷம் அவள் நோட்டில் மட்டும் பேசியது இதற்குப் பயந்துதான்.

முழங்கையை உதறினாள்.

"கற்பனை இல்லை சார். அந்தப் புத்தகம் முழுக்க நான் எழுதினது. ஒண்ணு விடாம எல்லாம் நடந்தது."

பஞ்சநாதன் மாலையோடு எழுந்துவிட்டார். "ஏய்! என் வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னையே எழுதியிருக்கியா?"

"உங்க வீட்டுலதானே மாமா நடந்துச்சு."

"இங்கிலீஷ்ல எழுதிட்டா எவனுக்குத் தெரியப்போவுதுன்னு திமிரா?"

"தமிழ்ல சொல்ல எப்ப மாமா விட்டீங்க? நெல்லு மூட்டைக்கு நடுவுல பொண்ணுங்களை உக்கார வச்சேன். முன் ரூம்ல சீட்டாடக் கூட்டம் கூடும், எனக்கு அது கிடையாது. கேட்டதுக்கு என்ன சொன்னீங்கன்னு இங்க சொல்லட்டுமா? இன்னைக்கு அந்தப் பின்கட்டையும் புடுங்கிக்கிட்டீங்க. நோட்டைத் திருடினவனுக்கு மேடை போட்டு மாலை மரியாதை. என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மைக்கை அணைங்கடா! அவளை வெளியில கூட்டிட்டுப் போடா திருமுருகா!"

திருமுருகன் நகரவில்லை. அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் வரவில்லை.

"ஐயா," என்று ஒரு குரல் கேட்டது. மணையில் இருந்தபடியே சௌந்தரநாயகி ஹெட்மாஸ்டரைப் பார்த்துக் கேட்டாள். "என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கா?"

ஜீவிதாவுக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் சட்டென்று வடிந்தது. மாமியாரைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது. வகுப்பில் ஒரு நாளும் அதை அவள் எடுத்ததில்லை. எழுதியதே அவளுக்கு மறந்திருந்தது.

போன வருஷம் ரோட்டில் நெல் காயப்போட்ட மத்தியானம். இருவரும் காலால் நெல்லைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது, எதையோ கேட்டதற்கு எதையோ சொல்ல வந்து, சௌந்தரநாயகி அதைச் சொன்னாள். பதினெட்டு வயதில் அவளுக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்தது. பெண் பார்க்க வந்த பஞ்சநாதன், கல்யாணம் ஆனாலும் படிக்கவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். மறுவீடு முடிந்து வந்த அன்றைக்கே அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டார். அந்தக் கதையை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஜீவிதா அதை எழுதிவைத்தாள். ஊமைக்கோபத்தில் எழுதியது. இரண்டு மாதமாக அது ஒரு பிரஸ்ஸில் அச்சாகிக்கொண்டிருந்தது.

ஹெட்மாஸ்டர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. மணையில் இருந்த சௌந்தரநாயகியைப் பார்த்தார், மடியில் கிடந்த மாலையைப் பார்த்தார், புத்தகத்தை மூடிவிட்டார்.

"வேண்டாம்மா. நல்ல நேரம். அப்புறம் ஆகட்டும்."

"அப்ப இருக்கு" என்றாள் சௌந்தரநாயகி. மருமகள் பக்கம் திரும்பினாள். கண்ணில் கோபம் இருந்தது. சொல்லாதே என்று சொன்னதை எழுதிவிட்டாயே என்கிற கோபம். "நீதானே எழுதின? நீயே படி."

"அத்தை, வேணாம் அத்தை. மன்னிச்சிடுங்க."

"மத்தவங்களுதெல்லாம் சபையில வந்தாச்சு. என்னுது மட்டும் என்னத்துக்கு மறைக்கிற? படி."

ஜீவிதா மேடை ஏறினாள். புத்தகத்தை வாங்கினாள். வேறு எதையாவது மாற்றிப் படித்துவிடலாம். மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இப்போதுதானே எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றும் நடந்தது என்று மார்தட்டினாள்? இதை மாற்றிப் படித்தால் மற்றதெல்லாம் என்ன ஆவது?

"ரிக்ரெட்," என்று ஆரம்பித்தாள். குரல் வகுப்பில் வருகிறமாதிரி வரவில்லை. "இந்த அர்த்தத்துக்கு இங் வரும்." இங்கிலீஷ் வாக்கியத்தைப் படித்தாள். மண்டபத்தில் அங்கங்கே ஒன்றிரண்டு பேர் மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

"தமிழ்ல" என்றாள் சௌந்தரநாயகி.

"என் மாமியார், என் மாமனாரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்காக வருந்துகிறார்."

குருக்கள் தாலி வைத்த தட்டைக் கையில் எடுத்தவர், எடுத்தபடியே இருந்தார். யுவன் எப்போது மேடையை விட்டு இறங்கினான் என்று யாருக்கும் தெரியவில்லை.

பஞ்சநாதனின் மீசை துடித்தது. "பொய்! ஒண்ணாம் நம்பர் பொய்! கட்டின சேலையோட இவளை இன்னைக்கே வீட்டை விட்டு அனுப்பறேன் பாரு." மனைவி பக்கம் குனிந்தார். "சொல்லுடி! எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லு. இது பூரா பொய்யின்னு சொல்லு!"

சௌந்தரநாயகி கழுத்து மாலையைக் கழற்றி மணையின் மேல் வைத்தாள்.

"உள்ள எதுவும் பொய் இல்லீங்க. அட்டையில இருக்கிற பேருதான் பொய்" என்று சொல்லிவிட்டு, மணையை விட்டு எழுந்தாள்.